சிவப்பு மையில் ஓரக்குறிப்பு

நூறு சார் செத்துப்போய் ஐம்பத்தெட்டு வருஷம் ஆகிறது என்ற தகவலை அவருக்கு முதலில் சொன்னது அவருடைய அக்கா மகள்தான். மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

"மாமா, ஒரு விஷயம். நீங்க உயிரோட இல்ல."

"அப்படியா. யார் சொன்னா?"

"உங்க ஆபீஸ்தான். பழைய இறப்புப் பட்டியலை வெப்சைட்ல போட்டிருக்கீங்கல்ல, அதுல தாத்தா பேரைப் போட்டுத் தேடினேன். உங்க பேரு வந்து நிக்குது. அப்பா பேரு சரியா இருக்கு, அம்மா பேரு சரியா இருக்கு, பழைய வீட்டு விலாசம். வயசு ஒரு வருஷம் நாலு மாசம். காய்ச்சல்." அவள் சிரித்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா அங்கேயே வேலை பாக்கறீங்க. உங்களையே சாகடிச்சு வெச்சிருக்காங்க."

"டைப் பண்ணினவங்க தப்பா அடிச்சிருப்பாங்க. பாக்கறேன்," என்று சொல்லிப் போனை வைத்தார். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவி, கவிழ்த்து வைத்தார்.

அவர் வேலை பார்த்தது பிறப்பு இறப்புப் பதிவகத்தில், பொதுமக்கள் தேடல் பிரிவில். 'நூறு' என்பது ஆபீசில் வைத்த பெயர். கவுன்டருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்கிற முதல் வார்த்தை அது. "பிறப்புன்னா நூறு வருஷம் ஆகியிருக்கணும். இறப்புன்னா அம்பது." இறப்பை ஐம்பது வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறப்பு அப்படியில்லை. உயிரோடு இருக்கிறவன் எப்போது, எங்கே, யாருக்குப் பிறந்தான் என்பது அவன் சொந்த விஷயம், கண்டவர்கள் கிளறக்கூடாது. ஆனால் ஆள் செத்துவிட்டான் என்று ஆதாரம் காட்டினால் நூறு வருஷம் காத்திருக்க வேண்டாம், மறுநாளே திறந்துவிடுவார்கள். செத்தவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பது சட்டத்தின் கட்சி.

வருகிறவர்களில் பாதிப் பேர் வம்சம் தேடி வருகிறவர்கள். தங்கள் பரம்பரையில் ஒரு தளபதியாவது, போனால் போகிறது, ஒரு நீதிபதியாவது இருப்பார் என்ற நம்பிக்கையோடு காலை பத்து மணிக்கு வந்து உட்காருவார்கள். மாலை நாலு மணிக்கு அவர்களுக்குக் கிடைப்பது ஒரு தச்சரும் மூன்று காய்ச்சலும். சிலர் கோபித்துக்கொள்வார்கள், ஏதோ நூறு சார்தான் தளபதியை ஒளித்து வைத்துவிட்ட மாதிரி. அவர் யாரோடும் வாதம் செய்ததில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா மகளின் விண்ணப்பம் முறைப்படி அவர் மேஜைக்கே வந்து சேர்ந்தது. குடும்ப மரம் வரைகிறாளாம். அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது, அதிலிருந்து அவளுக்கு இந்தப் பித்து. தாத்தா வீட்டு ஆட்கள் எல்லாருடைய பிறப்புப் பதிவையும் கேட்டிருந்தாள். தாத்தாவுக்கு நூறு ஆகிவிட்டது, திறந்திருந்தது. நூறு சார் பெயருக்கு நேராக, கம்ப்யூட்டர் தானாகவே ஒரு குறி போட்டிருந்தது: 'இறப்பு கண்டறியப்பட்டது. இணைப்புக்கு அனுப்புக.'

இணைப்பு என்பதுதான் அவருடைய வேலை. அந்தக் கட்டடத்தில் பிறப்புகள் இடது பக்க அறையில் இருக்கும், இறப்புகள் வலது பக்க அறையில். நடுவே ஒரு நடை, ஒரு தண்ணீர்க் குழாய். செத்தவரும் பிறந்தவரும் ஒரே ஆள்தானா என்று அவர் பார்க்க வேண்டும். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், விலாசம். நாலில் மூன்று பொருந்தினால் பிறப்புப் பதிவேட்டின் வலது ஓரத்தில் சிவப்பு மையில் இறப்பு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதோடு அந்த ஆளின் கதை முடிந்தது, பதிவு எல்லாருக்கும் திறந்தது. அந்த நடையை முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்காகக் கடந்திருப்பாரோ, தன் பொருட்டு ஒரு தடவைகூடக் கடந்ததில்லை.

மறுநாள் காலையில் வலது அறைக்குப் போய் அந்த வருஷத்துப் பதிவேட்டை இறக்கினார். தப்பாக டைப் செய்திருக்கவில்லை. இறப்பு எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஆண். ஒரு வருஷம் நாலு மாதம். காரணம், காய்ச்சல். தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கோட்டுக்கு வெளியே விட்டுவிடும் கையெழுத்து. நூறு சாருடைய பள்ளிக்கூட மார்க் அட்டை முழுக்க அந்த வால்தான்.

நடையைக் கடந்து இடது அறைக்கு வந்தார். தன் பிறப்புப் பக்கத்தைத் திறந்தார். இறந்த தேதியிலிருந்து ஒரு வருஷம் நாலு மாதத்தைக் கழித்தால், சில நாள் வித்தியாசத்தில் அவர் பிறந்தநாள்தான் வந்தது. நாலும் பொருந்தியது. வேறு யாராவது இருந்தால் பேனாவை எடுத்திருப்பார்.

அதற்கப்புறம் வந்த நாலு வருஷத்துப் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். அதே அப்பா, அதே அம்மாவுக்கு இன்னொரு ஆண் குழந்தை பிறந்ததாக எங்கேயும் இல்லை. தேடி முடிக்க ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது.

என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். இந்த மாதிரி நாற்பது கேஸ் அவரே பார்த்திருக்கிறார். மூத்தது போய்விடும். அடுத்தது பிறக்கும். ஆற்றாமையில் அதே பெயரை வைப்பார்கள். பெட்டியைத் திறந்தால் பிறப்புச் சான்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பெயரும் சரி, பெற்றவர்களும் சரி, இன்னொன்றுக்காக ஆபீஸ் ஆபீசாக எதற்கு அலைய வேண்டும்? நூறு சாரின் அப்பா எதையும் வீணாக்குகிறவர் இல்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும் என்றால் அண்ணன் காகிதமும் ஆகும் என்று நினைத்திருப்பார். ஆகவும் செய்தது. அதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், அதை வைத்துத்தான் இந்த வேலை, கல்யாணம், எல்லாம்.

அழுகை வரும் என்று நூறு சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. மனைவி போனபோதும் இப்படித்தான். மூன்றாம் நாள் ஆபீசுக்கு வந்து, தானே பதிவேட்டை விரித்து, பெயர், வயது, காரணம் என்று கட்டம் கட்டமாக எழுதினார். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. பக்கத்து மேஜைக்காரர்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த இரண்டு அறையிலும் லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். காலையில் பிறந்து சாயங்காலம் போனவர்கள்கூட இரண்டு அறையிலும் ஆளுக்கொரு வரி வாங்கியிருந்தார்கள். அவருக்கு எந்த அறையிலும் ஒன்றும் இல்லை. தனக்கும் ஒரு வரி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிற மனிதனுக்கு வருகிற ஆசையா இது என்று வெட்கமாகவும் இருந்தது.

பதிவாளரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்கமாட்டார். அன்றைக்குக் கேட்டார்.

"சார், இன்னும் நாலு மாசம். பல்லைக் கடிச்சுட்டு இருந்தா போயிடும். 'ஒரே பெயரில் வேறு நபர், இணைக்க இயலாது'ன்னு எழுதி மூடிடுங்க. நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"அப்படி எழுதினா அந்தப் பையன் பொறக்காமலே செத்தவன்னு ஆகும்மா."

"ஆனா என்ன? அவன் வந்து கேக்கப் போறானா?"

 தனக்காகக் கேட்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல நூறு சாருக்கு வரவில்லை. பதிவாளரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"வயசு ஒண்ணு ரெண்டு வருஷம் குறையும். அதை வெச்சு சர்வீஸ் நீளாது, அது தெரியும்ல?"

"தெரியும்."

"மேல இருந்து கேள்வி வேற வரும். வேலைக்குச் சேர்ந்தது யாரோட சான்றை வெச்சுன்னு கேப்பாங்க. நான்தான் பதில் சொல்லணும்." பெருமூச்சு விட்டார். "சரி. செய்யணும்னா முறையாச் செய்வோம். உங்க பிறப்பை நேர்ல பார்த்தவங்க, அன்னிக்கு வயசு வந்தவங்க, யாராவது இருக்காங்களா?"

"எங்கம்மா இருக்காங்க. எண்பத்திரண்டு வயசு."

"அவங்க வாக்குமூலம் வேணும். முதல் பையன் இந்தத் தேதியில பொறந்தான், இந்தத் தேதியில செத்தான், அதுக்கப்புறம் ரெண்டாவது பொறந்தான். ரெண்டு பகுதி, ரெண்டு கையெழுத்து. அது வந்தா அவனையும் இணைக்கலாம், உங்களையும் காலதாமதப் பதிவுல சேர்த்துடலாம். வரலைன்னா நான் சொன்ன மாதிரி மூடிடணும். விண்ணப்பத்துக்கு முப்பது நாள்தான் கெடு. அது உங்களுக்கு நான் சொல்லணுமா."

அம்மா அவரோடுதான் இருந்தார். அக்காவுக்கு அப்புறம், மனைவிக்கு அப்புறம் அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்கு ஞாபகம் பிசகவில்லை. காது மட்டும் மந்தம், அதுவும் எல்லா நேரமும் இல்லை. வேண்டிய பேச்சு அடுத்த அறையிலிருந்து வந்தாலும் கேட்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே கேட்டார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தானா?"

"உனக்கு முன்னாடி உங்கக்கா."

"அக்கா தெரியும். பையன்."

"எனக்கு ஒரே பையன். நீதான்." அம்மா துண்டை உதறி நாலாக மடித்தார். பிறகு அவருடைய பெயரைச் சொல்லி, போய்க் கை கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தார். பழைய வீட்டைப் பற்றி, அந்தத் தெருவைப் பற்றி, அப்பாவைப் பற்றி. எல்லாவற்றுக்கும் அம்மா சளைக்காமல் பதில் சொன்னார். பேச்சு அந்த வருஷத்தை நெருங்கியதும் காது போய்விட்டது. "என்ன சொல்றே, ஒண்ணும் விழல," என்றார். நூறு சார் உரக்கச் சொன்னார். "கத்தாதே, பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க," என்றார். அடுத்த வாரம் ஒரு தடவை கேட்டபோது, "உனக்கு இப்ப என்ன குறைச்சல்?" என்று ஒரே போடாகப் போட்டார்.  குறைச்சல் இன்னதென்று சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

இருபதாம் நாள் அக்கா மகள் கூப்பிட்டாள்.

"மாமா, என் விண்ணப்பம் என்ன ஆச்சு? கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருக்கு."

"பாத்துட்டு இருக்கேன்."

"அந்தத் தப்பைத் திருத்திட்டாங்களா?"

"தப்பு இல்ல."

 அவள் கெட்டிக்காரி, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாமா, அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஒரு நாள் சொன்னா. 'எனக்கு ரெண்டு தம்பி இருந்த மாதிரி ஒரு ஞாபகம்டி, ஒருத்தன் திடீர்னு சின்னவனா ஆயிட்டான்'னு. மருந்து மயக்கத்துல உளர்றான்னு நினைச்சேன். ஆனா அது மனசை விட்டுப் போகல. அதனாலதான் இதெல்லாம் தேடவே ஆரம்பிச்சேன்."

"அந்தப் பையன் போனப்ப அவளுக்கு நாலு வயசு," என்றார் நூறு சார்.

"நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடட்டுமா?"

"வேண்டாம்," என்றார். அவ்வளவு சட்டென்று சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி வெயில் அம்மாவின் கட்டில் வரை வந்திருந்தது. நூறு சார் இறப்புப் பதிவின் நகலையும் வாக்குமூலப் படிவத்தையும் ஒரு அட்டையில் செருகி எடுத்துக்கொண்டு போய், அம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நகலை மட்டும் நீட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். கடைசிக் கட்டத்தில் நின்றார்.

"இது உங்கப்பா கையெழுத்து."

"ஆமா."

"எழுதிக் கொடுத்தாரா?"

"ரெண்டாம் நாளே வந்து எழுதிக் கொடுத்திருக்கார்."

"எங்கிட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனார்," என்றார் அம்மா. நகலை மடியில் வைத்துக்கொண்டார். வயசுக் கட்டத்தில் விரலை வைத்து, "இது தப்பு. ஒரு வருஷம் நாலு மாசம் இல்ல. ஒரு வருஷம் நாலு மாசம் ஆறு நாள்," என்றார்.

அதற்கப்புறம் அவராகவே சொன்னார். பதிவேட்டை வைத்துப் படிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். அவனுக்கு எட்டுப் பல். மேலே நாலு, கீழே நாலு. நடக்கும்போது வலது கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சுவர் இல்லாவிட்டால் தன் சட்டையையே பிடித்துக்கொள்வான். தண்ணீர் வேண்டுமென்றால் சொல்லிக் கேட்பான், பால் வேண்டுமென்றால் சொல்லமாட்டான், வந்து நிற்பான். காய்ச்சல் மூன்று நாள். முதல் இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் அழவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நூறு சார் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையன் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயதில் அது நன்றாக இல்லைதான், இருந்தாலும் இருந்தது.

"நான் எப்பம்மா பொறந்தேன்?"

"முந்நூத்தி முப்பத்தெட்டாவது நாள்."

"எதுலேருந்து?"

"அவன் போனதுலேருந்து. தினமும் எண்ணிட்டு இருந்தேன். நீ வந்த அன்னிக்கு எண்றதை விட்டேன்."

நூறு சார் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். மாதத்துக்கு எத்தனை நாள் என்று பார்த்துப் பார்த்துக் கூட்டினார். ஒரு தேதி வந்தது. அதுவரை எந்தத் தனிப்பட்ட காரணத்துக்காகவும் அவர் நினைத்தே பார்த்திராத ஒரு தேதி. இன்னொரு தடவை கூட்டினார், அதேதான் வந்தது. அதை முன்பக்கத்தில் பேனாவால் எழுதினார்.

"நான் பொறந்த அன்னிக்கு வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது.

"மடியில கொண்டுவந்து வெச்சாங்க. வந்துட்டானான்னு உங்கப்பாவைக் கேட்டேன். வந்துட்டான்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு பேரு கிடையாது. போனவன் வந்துட்டான். ஒருத்தன்தான்."

"ரெண்டு பேரும்மா."

"அப்படின்னு எழுதியிருக்கா இதுல?"

"ஆமா."

"நான் கையெழுத்துப் போட்டா அவன் செத்துட்டான்னு ஆயிடும்."

"அவன் செத்து ஐம்பத்தெட்டு வருஷம் ஆச்சும்மா."

அம்மா அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. அடையாளம் சரிபார்க்கிற மாதிரி, நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் நூறு சார் கவுன்டரில் முப்பத்தைந்து வருஷமாக மற்றவர்களைப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"உனக்கு இது வேணுமா?" என்றார் அம்மா.

"வேணும்."  இன்னொரு தடவை சொன்னார். "எனக்கு வேணும்மா."

"கொடு."

முதல் பகுதியை அம்மாவே படித்தார், உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. பிறந்த தேதி, இறந்த தேதி. 'ஆறு நாள்' என்பதைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். தேதி இருப்பதால் அதுவே வந்துவிடும் என்று நூறு சார் சொன்னார். அம்மா தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். மெதுவாக, விட்டு விட்டுப் போட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். 

"இன்னொண்ணைப் படி. கண்ணு வலிக்குது."

அவர் படித்தார். "'மேற்படி குழந்தை இறந்த பின்னர் எனக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது என்றும், அப்பிறப்பு இதுவரை பதிவு செய்யப்படவில்லை என்றும் உறுதி கூறுகிறேன். அக்குழந்தையின் பெயர்...'" தன் பெயரைப் படித்தார். ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தார்.

"அது அவன் பேரு," என்றார் அம்மா.

"என் பேரும் அதுதானேம்மா."

"ஒருத்தன்தான்னு இருந்தவரைக்கும் சரி. ரெண்டு பேருன்னு நீதானே சொன்னே. ரெண்டு பேருன்னா இது மூத்தவன் பேரு. அவனுக்கு வெச்சது. இந்தப் பேரைச் சொன்னா திரும்பிப் பாப்பான்." அம்மா நகலில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். "அவன்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்காதே. அடிச்சிடு."

"அடிச்சுட்டு என்ன எழுதறது?"

"எனக்கு ஒண்ணும் தோணல. பேரு இல்லாம எழுதிக்க மாட்டாங்களா உங்க ஆபீஸ்ல?"

எழுதிக்கொள்வார்கள். பெயர் வைக்கும் முன்பே பதிய வருகிறவர்கள் தினம் பத்துப் பேராவது உண்டு. 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதி, பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். பெயரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து சேர்த்துக்கொள்ளலாம். இதை அவர் அம்மாவிடம் அப்படியே சொன்னார், கவுன்டரில் சொல்கிற அதே வார்த்தைகளில், அதே குரலில்.

"அப்ப அப்படியே விடு," என்றார் அம்மா.

நூறு சார் அட்டையை முழங்காலில் வைத்து, ஸ்கேலைப் பெயருக்கு நடுவே சரியாகப் பொருத்தி, ஒற்றைக் கோடாக அடித்தார். அடித்தாலும் கீழே இருப்பது படிக்க முடிய வேண்டும் என்பது விதி. படிக்க முடிந்தது. படிவத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கீழே, தன் இடத்தில், இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் வாங்கிப் பார்த்தார். மறுபடியும் நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கிம்மா. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அடிச்சது செல்லாது."

"எங்க?"

அவர் விரலால் காட்டினார். அம்மா அந்த இடத்தில் போட்டார்.